வானலையில் தோழமை வளர்த்தவர்: ஹைரம் பெர்சி மாக்சிம்

மாக்சிம் என்னும் பெயர் வரலாறு பயிலும் மாணவர்க்குப் புதிதன்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பியப் படைகள் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் இழுத்துச் சென்ற இயந்திரத் துப்பாக்கிக்கு அந்தப் பெயர்தான் வழங்கிற்று. அதனைப் படைத்தவர் சர் ஹைரம் ஸ்டீவன்ஸ் மாக்சிம். ஆனால் இக்கட்டுரை அவரைப் பற்றியதன்று. அவருடைய மகன் ஹைரம் பெர்சி மாக்சிமைப் பற்றியது. தந்தை, முகம் பாராமலே மனிதரை வீழ்த்தும் கருவியை உலகுக்குத் தந்தார். மகனோ, முகம் பாராமலே மனிதரை நண்பராக்கும் சங்கம் ஒன்றை உலகுக்குத் தந்தார். ஒரே குடும்பத்தில் ஒரே அறிவு இரு வேறு வழிகளில் நடந்ததைப் பார்க்கும்போது, அறிவைவிட அதைச் செலுத்தும் உள்ளமே பெரிது என்பது விளங்கும்.

அமெச்சூர் வானொலி என்பதை நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்கலாம். பார்த்தவர் சிலரே இருப்பர். ஊதியத்துக்காகவோ வாணிகத்துக்காகவோ அன்றி, அறிவார்வம் ஒன்றையே முதலாகக் கொண்டு, அரசின் உரிமம் பெற்றுத் தம் வீட்டிலேயே ஒரு வானொலி நிலையம் அமைத்து, உலகெங்கும் உள்ள தம்மையொத்தவருடன் செய்தி பரிமாறிக்கொள்வதே அக்கலை. அதில் ஈடுபடுவோரை ‘ஹாம்’ என்பர். இக்கலையில் புதிதாகக் கால் வைப்பவருக்குள்ள இடர்ப்பாடு ஒன்று உண்டு. நூலைப் பார்த்துக் கருவியைக் கட்டிவிடலாம். ஆனால் கட்டிய கருவி ஏன் பேசவில்லை என்று நூலிடம் கேட்க முடியாது. ஆண்டெனாவின் நீளம் தவறா, வால்வு பழுதா, அல்லது தாம் விசையைத் தட்டும் முறைதான் பிழையா என்று அருகிலிருந்து சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளைத் தேடித்தருவதையே ஒரு நாடு தழுவிய சங்கத்தின் கடமையாக ஆக்கிக் காட்டியவர் பெர்சி மாக்சிம்.

தந்தையின் நிழல்

பெர்சி மாக்சிம் 1869ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள் நியூயார்க்கை அடுத்த புரூக்ளினில் பிறந்தார். தந்தை அந்நாளில் மின்விளக்குத் தொழிலில் எடிசனுக்கே போட்டியாக விளங்கிய பொறியாளர். வீட்டில் எந்நேரமும் கம்பிகளும் சக்கரங்களும் புதிய எண்ணங்களும் நிறைந்திருந்தன. சிறுவனுடைய கேள்விகளுக்குத் தந்தை நேரான விடை தருவதைவிட, வேடிக்கையும் வியப்புமாக எதையாவது செய்து காட்டித் திகைக்க வைப்பதே வழக்கம். அந்த நாள்களைப் பெர்சி முதுமையில் நகைச்சுவை ததும்ப நூலாக எழுதினார்.

ஆனால் அந்தத் துணை நீடிக்கவில்லை. 1881ஆம் ஆண்டு மின்சாரக் கண்காட்சியை முன்னிட்டு ஐரோப்பா சென்ற தந்தை, அங்கேயே தங்கிவிட்டார். இலண்டனில் துப்பாக்கியைப் படைத்தார், பிரிட்டிஷ் குடிமகனானார், 1901இல் ‘சர்’ பட்டமும் பெற்றார். அமெரிக்காவில் விடப்பட்ட தாயும் மூன்று பிள்ளைகளும் தந்தையின் புகழைச் செய்தித்தாள்களில் படிக்கும் நிலையில் இருந்தனர். 12 வயதில் ஒரு மேதையின் துணையை இழந்த பையன், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் இயந்திரக் கலைப் பள்ளியில் சேர்ந்து, 1886இல் தம் 16ஆம் வயதிலேயே படிப்பை முடித்தார்.

தனியே கற்றதன் விலை

படிப்பு முடிந்ததும் மின்சாரக் கம்பெனிகள் சிலவற்றில் வேலை பார்த்த பெர்சி, பின்னர் லின் என்னும் ஊரிலிருந்த எறிகுண்டுத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளரானார். 1892இல் ஓர் இரவு, பக்கத்து ஊரிலிருந்து மிதிவண்டியில் தனியே திரும்பிக்கொண்டிருந்தபோது அவருக்கு ஓர் எண்ணம் தோன்றிற்று. காலால் மிதிப்பதற்குப் பதிலாகச் சிறிய இயந்திரம் ஒன்று இவ்வண்டியைத் தள்ளிச் சென்றால் என்ன? குதிரையின்றி ஓடும் வண்டியைக் கட்டுவதென்று அன்றே முடிவு செய்தார்.

அந்நாளில் பெட்ரோல் என்பது கடையில் வண்ணங்களோடு விற்கப்பட்ட ஒரு பொருள். அதன் இயல்பைச் சொல்லித்தர ஆசிரியர் இல்லை. வெறும் தோட்டா உறை ஒன்றில் சில சொட்டுகள் விட்டு நெருப்புக் காட்டி, அது எத்துணை வேகத்தோடு வெடிக்கிறது என்று கண்டறிவதிலிருந்து அவர் தொடங்கினார். பகலில் தொழிற்சாலை, இரவில் சோதனை என மூன்று ஆண்டுகள் உருண்டோடின. பழைய மூன்று சக்கர வண்டி ஒன்றில் தாமே வடித்த இயந்திரத்தைப் பொருத்தினார்.

இதில் வருத்தத்துக்குரிய உண்மை ஒன்று உண்டு. அவர் அந்த வேலையைத் தொடங்கிய காலத்தில் ஜெர்மனியில் பென்சும் டெய்ம்லரும் ஓடும் வண்டிகளையே செய்துவிட்டிருந்தனர். அமெரிக்காவிலும் டூரியே உடன்பிறந்தார் முதலானோர் அதே முயற்சியில் இருந்தனர். பிறர் கண்டு முடித்ததை அறியாமலே அவர் மீண்டும் முதலிலிருந்து கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்! ஒரு கடிதம், ஓர் இதழ், ஒரு சங்கம் இருந்திருந்தால் ஆண்டுக்கணக்கான உழைப்பு மிச்சமாகியிருக்கும். தனியே கற்பதில் பெருமை உண்டு. ஆனால் அதற்குக் கொடுக்கும் விலை வாழ்நாள். பின்னாளில் அவர் செய்த பெரும்பணியை இந்த அனுபவத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் அதன் பொருள் முழுமையாகப் புரியும்.

1895இல் ஹார்ட்ஃபோர்டு நகரிலிருந்த போப் கம்பெனி அவரை அழைத்துக்கொண்டது. மிதிவண்டிக்குப் பேர்போன அந்நிறுவனத்தில் மோட்டார் வண்டிப் பிரிவை அவர் உருவாக்கினார். 1899இல் கனெக்டிகட்டின் பிரான்ஃபோர்டில் நடந்த பந்தயத்தில் வெற்றியும் பெற்றார். 1898இல் ஜோசபின் ஹாமில்டன் என்னும் மங்கையை மணந்தார்.

ஓசையை அடக்கியவர்

தந்தையின் பெயர் துப்பாக்கியின் முழக்கத்தோடு சேர்ந்து ஒலித்தது. மகனோ அந்த முழக்கத்தையே அடக்க முனைந்தார். துப்பாக்கிக் குழலின் முனையில் வெளிப்படும் வாயுவைச் சுழலவிட்டு மெல்ல வெளியேற்றினால் ஓசை குறையும் என்று கண்டு, அதற்குரிய ஓசையடக்கிக்கு 1909இல் காப்புரிமை பெற்றார். குளியல் தொட்டியின் நீர் சுழன்று வடிவதைப் பார்த்தபோதுதான் இவ்வெண்ணம் உதித்தது என்று சொல்வதுண்டு. அதே தத்துவத்தை அவருடைய கம்பெனி பின்னர் இயந்திரங்களின் புகைக்குழாய்களுக்கும் பயன்படுத்தியது. சந்தடியால் மக்கள் படும் துன்பத்தைத் தணிப்பதே அவரது தொழிலாயிற்று.

செல்வமும் பெயரும் வந்துவிட்டன. நாற்பது வயதைக் கடந்த ஒருவர் அத்துடன் ஓய்ந்திருக்கலாம். ஆனால் அவருடைய மகனுக்குக் கம்பியில்லாத் தந்தியில் ஆசை பிறந்தது. மகனுக்குத் துணையாகத் தொடங்கிய தந்தை, மகனைவிட ஆழமாக அதில் மூழ்கிவிட்டார். அப்போது அவ்வூரில் கிளாரன்ஸ் டஸ்கா என்றொரு இளைஞன் இருந்தான். வானொலிக் கருவிகளைத் தானே கட்டுவதில் வல்லவன். ஊரறிந்த பொறியாளரான மாக்சிம், பள்ளிப்பருவம் தாண்டாத அந்தப் பையனைத் தோழனாக ஏற்றுக்கொண்டார். வயதையும் பட்டத்தையும் பாராமல் தெரிந்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது என்னும் பண்பு, அச்சங்கம் பிறக்குமுன்னரே அதன் வித்தாக இருந்தது.

ஒரு வால்வு தந்த பாடம்

1914 ஜனவரியில் ஹார்ட்ஃபோர்டு வானொலிக் கழகம் தோன்றியது. மாக்சிமும் டஸ்காவும் அதில் முன்னின்றனர். அந்த ஆண்டின் வசந்த காலத்தில் ஒரு சிறு நிகழ்ச்சி நடந்தது. ‘ஆடியான்’ என்னும் வால்வு ஒன்று மாக்சிமுக்குத் தேவைப்பட்டது. ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஒருவரிடம் அது விலைக்கு இருப்பதாக அறிந்தார். தம் நிலையத்திலிருந்து அவரை அழைத்துப் பார்த்தார். அலைகள் அங்கே எட்டவில்லை. இடையே விண்ட்சர் லாக்ஸ் என்னும் ஊரில் இன்னொரு அமெச்சூர் இருப்பது நினைவுக்கு வந்தது. அவரிடம் செய்தியைத் தந்து, அவர் வழியாக ஸ்பிரிங்ஃபீல்டுக்குச் சேர்ப்பித்தார்.

நூம்பலில் இருக்கும் ஒருவருடைய சிறிய நிலையம் காஞ்சிபுரத்தை எட்டாது என்று வைத்துக்கொள்வோம். நடுவழியில் திருப்பெரும்புதூரில் உள்ள நண்பர் அச்செய்தியை வாங்கிக் காஞ்சிக்குத் தருவாரானால், எட்டாத ஊர் எட்டும் ஊராகிவிடும். காஞ்சியிலுள்ளவர் வேலூருக்கும், வேலூரில் உள்ளவர் அதற்கப்பாலும் தரலாம் அன்றோ! ஒருவருடைய வலிமை ஒரு மாவட்டத்தோடு நின்றுவிடும். ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு மாறினால் கண்டத்தையே கடக்கலாம். இத்துணை எளிய உண்மையை ஓர் அமைப்பாகக் கண்டதே மாக்சிமின் பெருமை.

1914 ஏப்ரல் 6ஆம் நாள் கழகக் கூட்டத்தில் அவர் தம் திட்டத்தை வைத்தார். ‘அமெரிக்கன் ரேடியோ ரிலே லீக்’ என்னும் சங்கம் அவ்வாறு உருவெடுத்தது. சுருக்கமாக ஏ.ஆர்.ஆர்.எல். என்பர். நாடெங்கும் சிதறிக் கிடந்த அமெச்சூர்களுக்கு விண்ணப்பப் படிவங்கள் பறந்தன. அந்த ஆண்டு முடிவதற்குள் நூற்றுக்கணக்கான நிலையங்களின் பெயரும் ஊரும் அடங்கிய பட்டியல் வெளிவந்தது. 1915இல் அது ஹார்ட்ஃபோர்டுக் கழகத்திலிருந்து பிரிந்து தனிச் சங்கமாகப் பதிவு பெற்றது. அதே ஆண்டு டிசம்பரில் ‘கியூ.எஸ்.டி.’ என்னும் இதழின் முதல் மலர் வெளிவந்தது. எல்லா நிலையங்களும் கவனிக்க என்பது அக்குறியீட்டின் பொருள்.

புதியவர்க்குக் கிடைத்த கரம்

செய்தியை நெடுந்தொலைவு கொண்டு செல்லவே சங்கம் தொடங்கப்பட்டது. ஆனால் அதனால் விளைந்த பெரும்பயன் வேறு. ஒரு சங்கிலியின் வலிமை அதன் மெலிந்த கண்ணியின் வலிமையே. நடுவழியில் உள்ள ஒரு புதியவருக்கு மோர்ஸ் குறியீடு சரிவரத் தெரியாவிட்டால், அவருக்கு இருபுறமும் உள்ள வல்லுநர்களின் திறமையும் வீணாகும். ஆகவே புதியவரைத் தேற்றி எடுப்பது அங்கே இரக்கத்தின்பாற்பட்ட செயலாக இல்லை. அனைவருடைய நலனுக்கும் இன்றியமையாத கடமையாயிற்று. எல்லாச் சங்கங்களும் எண்ணிப் பார்க்கத் தக்க நுட்பம் இது.

இதழில் கருவி கட்டும் முறைகள் படங்களோடு விளக்கப்பட்டன. யாரோ ஒருவர் ஒரு மாநிலத்தில் கண்ட திருத்தம், அடுத்த திங்கள் நாடெங்கும் உள்ள பையன்களின் மேசைக்கு வந்து சேர்ந்தது. 1926இல் சங்கம் வெளியிட்ட கைநூல், புதிதாகத் தொடங்குவோர்க்கு முதல் ஆசானாக அமைந்தது. அது ஆண்டுதோறும் திருத்தம் பெற்று, தலைமுறை தலைமுறையாகப் பயிலப்பட்டது.

நன்னடத்தையும் கற்பிக்கப்பட்டது. ‘கிழவர்’ என்னும் புனைபெயரில் ஒருவர் இதழில் அவ்வப்போது சீறி விழுந்து எழுதுவார். தேவையின்றி விசையைத் தட்டிப் பிறருக்கு இடையூறு செய்வோர், தம் பெயரைக்கூடச் சரியாக அனுப்பத் தெரியாதோர், பேசத் தொடங்கினால் நிறுத்தாதோர் ஆகிய அனைவரும் அவருடைய ஏச்சுக்கு ஆளாயினர். தவறு செய்வோரைத் தண்டிக்க வென்று ‘வூஃப் ஹாங்’ என்னும் விசித்திரக் கருவி ஒன்றையும் அவர் கற்பனையாகப் படைத்தார். படித்தவர் வயிறு குலுங்கச் சிரித்தனர், சிரித்தபடியே திருந்தினர். அந்தக் கிழவர் யாரென்பது பல்லாண்டுகள் மறைபொருளாகவே இருந்தது. அவர் மாக்சிமே என்னும் உண்மை அவர் மறைந்த பின்னரே வெளிப்பட்டது. தலைவராக அமர்ந்து கட்டளையிட்டிருந்தால் இளைஞர் முகம் சுளித்திருப்பர். வீட்டுப் பெரியவர் திண்ணையில் அமர்ந்து கடிந்துகொள்வது போல எழுதியதால் ஏற்றுக்கொண்டனர்.

1928இல் பால் சீகல் என்பவர் அமெச்சூர்களுக்குரிய ஒழுக்க நெறியை வகுத்தார். பிறர் மகிழ்ச்சியைக் கெடுக்காமை, நாட்டுக்குப் பணியாற்றல், குடும்பத்தையும் கல்வியையும் புறக்கணிக்காமை முதலியவற்றோடு, கற்றுக்குட்டி கேட்டுக்கொண்டால் பொறுமையாக மெதுவாக அனுப்புதலும் அவருக்கு நட்போடு வழிகாட்டுதலும் அதில் இடம்பெற்றன. புதியவருக்கு உதவுவது விருப்பம் என்னும் நிலையிலிருந்து அறம் என்னும் நிலைக்கு உயர்ந்தது.

சோதனையும் வெற்றியும்

1917 பிப்ரவரியில் இச்சங்கத்தார் நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சல்சுக்கு இடைநிலையங்கள் வழியாகச் செய்தி அனுப்பி, அதற்குரிய மறுமொழியையும் ஒன்றரை மணி நேரத்துக்குள் பெற்றனர். அந்த மகிழ்ச்சி இரண்டு திங்கள்கூட நிலைக்கவில்லை. ஏப்ரலில் அமெரிக்கா உலகப் போரில் இறங்கியது. அமெச்சூர் நிலையங்கள் அனைத்தையும் மூடிக் கருவிகளைக் கழற்றி வைக்குமாறு அரசு ஆணையிட்டது. இதழும் நின்றது. இச்சங்கம் பயிற்றுவித்த இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் படையின் செய்திப் பிரிவுகளில் சேர்ந்தனர்.

போர் முடிந்தது, தடையோ நீங்கவில்லை. மாறாக, கம்பியில்லாத் தொடர்பு முழுவதையும் கடற்படையின் கையில் ஒப்படைக்கும் மசோதா ஒன்று 1918இன் இறுதியில் காங்கிரசின் முன் வந்தது. அது நிறைவேறியிருந்தால் அமெச்சூர் வானொலி என்னும் சொல்லே அந்நாட்டில் மறைந்திருக்கும். கடற்படைச் செயலாளரே மசோதாவுக்கு ஆதரவு. எதிர்த்து நின்றவரோ, இதழும் பணமும் இல்லாத ஒரு சங்கத்தின் தலைவர். உறுப்பினரில் பெரும்பாலோர் வாக்குரிமை வயதுகூட எய்தாதவர். பலர் கடல் கடந்து படையில் இருந்தனர். மாக்சிம் குழுவின் முன் நேரில் சென்று வாதாடினார். நாடெங்கும் உள்ள உறுப்பினருக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் செய்தி போயிற்று. காங்கிரஸ் உறுப்பினர் மேசைகளில் கடிதங்கள் குவிந்தன. 1919 ஜனவரியில் மசோதா கைவிடப்பட்டது.

அடுத்தது பணத்துயர். சங்கத்தின் பெட்டி வெறுமையாய்க் கிடந்தது. நிர்வாகிகள் தம் பையிலிருந்து கொடுத்தனர். உறுப்பினரிடம் கடன் பத்திரங்கள் விற்கப்பட்டன. செய்தி அனுப்பச் சட்டம் இடந்தராத ஒரு கலைக்காக இளைஞர்கள் பணம் தந்தனர் என்பது எண்ணி வியத்தற்குரியது. டஸ்காவிடமிருந்து இதழைச் சங்கமே விலைக்கு வாங்கி மீண்டும் தொடங்கிற்று. 1919 அக்டோபரில் ஒலிபரப்புத் தடையும் நீங்கியது.

பயனற்ற அலைகளின் கதை

இங்கே ஓர் அறிவியல் செய்தியைச் சொல்லியாக வேண்டும். 1912ஆம் ஆண்டுச் சட்டம் அமெச்சூர்களுக்கு 200 மீட்டரும் அதற்குக் குறைந்ததுமான அலைநீளங்களையே விட்டுக்கொடுத்தது. நெடிய அலைகளே நெடுந்தொலைவு செல்லும் என்பது அக்கால அறிஞர் கருத்து. ஆகவே பயனற்ற குற்றலைகளை விளையாட்டுப் பிள்ளைகளுக்குத் தந்தனர். உழவுக்கு உதவாதென்று ஒதுக்கிய மேட்டு நிலத்தை ஏழைக்கு எழுதிவைத்தது போலத்தான் இது.

அந்த மேட்டு நிலத்தில் புதையல் இருந்தது. 1921 டிசம்பரில் சங்கம் பால் காட்லி என்பவரை ஸ்காட்லாந்துக்கு அனுப்பியது. ஆர்ட்ரோசன் என்னும் கடற்கரை ஊரில் குளிரிலும் மழையிலும் கூடாரத்தில் அமர்ந்து, அமெரிக்க அமெச்சூர்கள் பலருடைய குறியொலிகளை அவர் தெளிவாகக் கேட்டார். 1923 நவம்பரில் ஹார்ட்ஃபோர்டிலிருந்து ஃபிரெட் ஷ்னெல்லும், பிரான்சின் நீஸ் நகரிலிருந்து லியோன் டெலாயும் ஏறக்குறைய 110 மீட்டர் அலையில் அட்லாண்டிக் கடலைக் கடந்து உரையாடினர். ஜான் ரைனார்ட்சும் அதில் கலந்துகொண்டார். வானத்தின் உயரத்திலுள்ள அயனி மண்டலம் குற்றலைகளைத் திருப்பிப் பூமிக்கு அனுப்புவதால், சிறு ஆற்றலாலேயே உலகை வலம் வரலாம் என்பது பின்னர் நன்கு விளங்கிற்று. பெரிய கம்பெனிகளும் அரசுகளும் குற்றலைக்கு ஓடிவந்தன.

1925இல் பாரிசில் பல நாட்டு அமெச்சூர்கள் கூடி உலக அமெச்சூர் வானொலி ஒன்றியத்தை அமைத்தபோது மாக்சிமையே முதல் தலைவராகத் தேர்ந்தனர். ஏழே ஆண்டுகளுக்கு முன் அவருடைய தந்தையின் துப்பாக்கிகளும் அவற்றின் வழித்தோன்றல்களும் இருபுறமும் முழங்கிய கண்டத்தில், மகன் அமைதியின் மேடையில் அமர்ந்தார். 1926இல் திரைப்படக் கலையைப் பொழுதுபோக்காகப் பயில்வோருக்கென ‘அமெச்சூர் சினிமா லீக்’ என்னும் சங்கத்தையும் அவர் தொடங்கினார். ஒரு கலை பிறந்தால் அதற்கொரு கூடமும் வேண்டும் என்பது அவர் கொள்கை போலும்.

இறுதிப் பயணம்

வானூல் ஆராய்ச்சியிலும் மாக்சிமுக்கு ஆர்வம் மிகுதி. 1936ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கலிபோர்னியாவிலுள்ள லிக் வானாய்வுக் கூடத்தைக் காண இரயிலில் புறப்பட்டார். வழியில் நோய் கண்டது. கொலராடோ மாநிலத்தின் லா ஹுண்டா என்னும் ஊரில் இறக்கப்பட்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். பிப்ரவரி 17ஆம் நாள் அங்கேயே உயிர் நீத்தார். சங்கத்தின் முதல் நாளிலிருந்து இறுதி மூச்சு வரை அவரே தலைவர்.

அடுத்த மாதமே ஹார்ட்ஃபோர்டில் பெருவெள்ளம் வந்து, சங்கத்தின் வானொலி நிலையத்தை அழித்தது. தலைவரையும் நிலையத்தையும் ஒருசேர இழந்த சங்கம் சோர்ந்துவிடவில்லை. 1938 செப்டம்பரில், அவருடைய பிறந்த நாளன்று, நியூயிங்டனில் நினைவு நிலையம் ஒன்று திறக்கப்பட்டது. மாக்சிமின் அழைப்புக் குறியே அதற்குச் சூட்டப்பட்டது. ‘டபிள்யூ1ஏடபிள்யூ’ என்பது அக்குறி. அங்கிருந்து புதியவர் பயில்வதற்கென்றே மோர்ஸ் குறியீட்டுப் பயிற்சி, மெதுவான வேகத்திலிருந்து தொடங்கிப் படிப்படியாக ஒலிபரப்பாகிறது. இறந்த மனிதரின் பெயர், மாணவனுக்குப் பாடம் சொல்லும் ஒலியாக வானில் வாழ்வதைவிடச் சிறந்த நினைவுச் சின்னம் வேறென்ன இருக்க முடியும்!

புதியவருக்கு வழிகாட்டும் மூத்தவரை ‘எல்மர்’ என்று அழைக்கும் வழக்கம் 1971இல் அதே இதழிலிருந்து தோன்றியது. பலருக்குக் கற்றுக்கொடுத்த ஒரு முதியவரின் பெயர் அது. 1984 முதல் உரிமத் தேர்வுகளை நடத்தும் பொறுப்பையே அந்நாட்டரசு தொண்டு மனமுடைய மூத்த அமெச்சூர்களிடம் விட்டது.

நம் சென்னையில்

இந்த வரலாறு நமக்கு அயலானதன்று. ஹார்ட்ஃபோர்டுச் சங்கம் தோன்றிப் பத்தே ஆண்டுகளில், 1924 மே 16ஆம் நாள், சென்னையில் சி. வி. கிருஷ்ணசுவாமி செட்டியாரின் முயற்சியால் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் உருவாயிற்று. அதே ஆண்டு ஜூலை 31இல் அது ஒலிபரப்பைத் தொடங்கியது. அரசு வானொலி என்ற ஒன்று இந்நாட்டில் இல்லாத காலத்தில், ஆர்வலர் சிலர் கூடிச் செய்த அரும்பணி அது. ஆயினும் பணமுடையால் 1927இல் அக்கழகம் செயலற்றது. ஒலிபரப்புக் கருவி சென்னை மாநகராட்சியின் கைக்கு வந்து, 1930 முதல் மாநகராட்சியின் ஒலிபரப்பாகத் தொடர்ந்தது. 1938 ஜூன் 16இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் பிறந்தது. சென்னைக் கழகத்தாரிடம் அறிவுக்குக் குறைவில்லை. தளர்ந்த வேளையில் தோள் கொடுக்க நாடு முழுதும் கிளை பரப்பிய சங்கம்தான் அவர்களுக்குப் பின்னே இல்லை.

விடுதலைக்குப்பின் அக்குறை நீங்கத் தொடங்கியது. 1948 மே 15இல் மத்தியப் பிரதேசத்தின் மௌ நகரிலுள்ள படைத்துறைச் செய்திப் பயிற்சிப் பள்ளியில் இந்திய அமெச்சூர் வானொலிக் கழகம் தொடங்கப்பட்டது. அது பின்னர் தில்லிக்கு மாறி, 1954இல் ‘அமெச்சூர் ரேடியோ சொசைட்டி ஆஃப் இந்தியா’ என்னும் பெயர் பெற்றது. மாக்சிம் தலைமை தாங்கிய உலக ஒன்றியத்தில் இந்தியாவின் சார்பில் உறுப்பு வகிப்பது இச்சங்கமே. நம் நாட்டில் அமெச்சூர் நிலையம் அமைக்க, மின்னணுவியலின் அடிப்படையிலும் வானொலி விதிகளிலும் தேர்வெழுதி மத்திய அரசின் உரிமம் பெற வேண்டும். அதற்கான வகுப்புகளை ஆங்காங்கே உள்ள ஹாம் கழகங்கள் நடத்துகின்றன. அங்கே கற்றுத்தரும் மூத்தவர் ஒவ்வொருவரும் ஒரு சிறு மாக்சிம்தான்.

இதனால் என்ன பயன் என்று கேட்போர்க்கு இயற்கையே விடை கூறிற்று. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையிலான ஹாம் குழுவொன்று அந்தமானில் நிலையம் அமைத்திருந்தது. 26ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கித் தொலைபேசிகள் அடங்கியபோது, பொழுதுபோக்குக்காகக் கொண்டுசென்ற அதே கருவிகள் தீவுகளின் குரலாயின. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரியின் பெயர் நாடெங்கும் ஒலித்தது. கைப்பேசிகள் பல இடங்களில் செயலிழந்த அந்நாள்களில், சென்னை ஹாம் அன்பர்கள் செய்தி சேர்க்கும் பணியில் ஈடுபட்டனர். கோபுரங்களையும் கேபிள்களையும் நம்பியிருக்கும் கைப்பேசி, அவை வீழ்ந்தால் வீழும். ஒரு மின்கலமும் ஒரு கம்பியும் பயிற்சி பெற்ற ஒரு மனிதரும் இருந்தால் வானொலி பேசும்.

அந்தப் பயிற்சி பெற்ற மனிதர் வெள்ளம் வந்த பிறகு உருவாவதில்லை. பத்தாண்டுகளுக்கு முன் ஒரு மாலையில், பேசாத கருவியை வைத்துக்கொண்டு விழித்த ஓர் இளைஞருக்கு யாரோ ஒரு மூத்தவர் பொறுமையாகப் பிழை காட்டித் தந்ததால் உருவானவர் அவர். நூம்பலிலும் வேலப்பன்சாவடியிலும் திருவேற்காட்டிலும் ஏரிக்கரையோரம் குடியிருக்கும் நமக்கு இது வெறும் பொழுதுபோக்குச் செய்தியாகத் தோன்றலாகாது.

தந்தையை இளமையில் இழந்து, தனியே கற்று, பிறர் கண்டதையே மீண்டும் கண்டு காலத்தைச் செலவிட்டவர் மாக்சிம். அந்தத் துன்பம் இனி எவருக்கும் வேண்டா என்று தமக்குப் பின் வருவோர்க்கு வழி அமைத்தார். அறிவியல் துறையாயினும் கலைத் துறையாயினும் இதுவே விதி. மேல் வகுப்பு மாணவர் கீழ் வகுப்பு மாணவருக்கு ஒரு கணக்கை விளக்கும்போதும், ஆய்வகத்தில் தடுமாறும் புதியவருக்கு ஒருவர் இணைப்பைச் சரிசெய்து காட்டும்போதும், ஹார்ட்ஃபோர்டில் தொடங்கிய அந்த அஞ்சலோட்டம் நம் கல்லூரியிலும் நடக்கிறது. பெற்றதைக் கையில் இறுக்கி வைத்துக்கொள்ளாமல் அடுத்த கைக்குத் தருவோமாக!